கறுப்புத் திரையில் காணாமல் போகும் வரிகள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் டெஸ்க்டாப் படத்தை மாற்றுவார்கள். அடுத்த வாரம் யாராவது ஒரு நண்பர் 'டார்க் தீம் போடு, கண்ணுக்கு நல்லது' என்பார். போட்டதும் திரை முழுவதும் கறுப்பாகி, எழுத்துகள் வெளிறிய நிறத்தில் மின்னும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் சில எழுத்துகள் தெரியாமல் போய்விடும். பைலில் இருந்து அழிந்துவிட்டன என்று நினைத்துப் பதறுபவர்கள் பலர். அந்த எழுத்துகளை எப்படி மீண்டும் தெரியவைப்பது என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

எங்கள் வீட்டிலேயே நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். என் சித்தி மகன் பழவேற்காட்டில் இருக்கிறான். ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலுமாகப் பரந்து கிடக்கும் பழவேற்காடு ஏரி, சில்காவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் இரண்டாவது பெரிய உப்பங்கழி. அங்கே சில மீனவக் குப்பங்களில் 'பாடு' என்று ஒரு முறை தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. ஏரியில் இறால் வலை போட நல்ல இடங்கள் சிலதான். அந்த இடங்களில் யார், எந்த நாள் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதுதான் பாடு. தன் பாட்டை ஒருவர் தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

தம்பி தன் குழுவின் முறைப் பட்டியலை லேப்டாப்பில் டைப் செய்து வைக்கிறான். அதற்கு நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற இலவச டெக்ஸ்ட் எடிட்டரைப் போட்டுக் கொடுத்தவன் நான். வெறும் பட்டியல் கண்ணுக்குச் சலிப்பாக இருக்குமே என்று, முறைக்காரருக்கு உடம்பு சரியில்லை என்றால் அவருக்குப் பதிலாகப் போகிறவரின் பெயர் மட்டும் தனி நிறத்தில் வரும்படி ஒரு விதியும் எழுதினேன். வரியின் தொடக்கத்தில் // என்று இரண்டு சாய்கோடு போட்டால் அந்த வரி கருநீலத்தில் தெரியும். வெள்ளைத் திரையில் அது பளிச்சென்று இருந்தது.

விடியலுக்கு முன் இருட்டில் ஏரிக்குப் போகிறவர்களுக்கு வெள்ளைத் திரை பெரிய தொல்லை. நம் கண் இருட்டுக்கு முழுவதும் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். வெள்ளைத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்தால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும், படகு கட்டியிருக்கும் கயிறுகூடக் கண்ணில் படாது. அதனால்தான் தம்பி ஒரு நாள் இரவு டார்க் மோடுக்கு மாறினான். எங்கே கிளிக் செய்வது என்று போனில் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

மறுநாள் மதியம் போன் வந்தது.

"அண்ணே, நீ போட்டுக் குடுத்த பைல்ல ஒரு வரியே இல்லண்ணே."

"அழிச்சிட்டியா?"

"நான் தொடவே இல்லண்ணே. நேத்து இருந்துச்சு."

பதிலாகப் போக வேண்டியவரின் பெயர் இருந்த வரிதான் அது. விடியற்காலையில் தம்பி பட்டியலைப் பார்த்துப் போன் செய்தபோது உடம்பு சரியில்லாதவரின் பெயர் தெரிந்தது, அதன் கீழே ஒன்றும் இல்லை. எனவே பதிலாளுக்குத் தகவல் போகவில்லை. அன்றைய பாடு வீணானது. ஒரு வீட்டின் ஒரு நாள் வருமானம் போனதற்குக் காரணம், நான் தேர்ந்தெடுத்த ஒரு நிறம்.

முதலில் செய்ய வேண்டியது

எழுத்து தெரியவில்லை என்றதும் பலர் செய்யும் தவறு, அதே இடத்தில் மீண்டும் டைப் செய்து சேவ் கொடுப்பது. தம்பியும் அதைச் செய்யத் தயாராகத்தான் இருந்தான். தயவுசெய்து எதையும் டைப் செய்யாதீர்கள், சேவ் செய்யாதீர்கள். முதலில் எழுத்து பைலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு ஏ கீயை அழுத்துங்கள். பைல் முழுவதும் செலக்ட் ஆகும். செலக்ட் ஆன இடத்தின் பின்னணி நிறம் மாறுவதால் மறைந்திருக்கும் எழுத்துகள் பெரும்பாலும் வெளியே தெரியும். அப்படியும் தெரியவில்லை என்றால், விண்டோஸோடு வரும் சாதாரண நோட்பேடில் அதே பைலைத் திறந்து பாருங்கள். அதில் எல்லா எழுத்தும் ஒரே நிறம்தான், ஒன்றும் மறையாது.

இன்னொரு அடையாளமும் உண்டு. நோட்பேட் பிளஸ் பிளஸ் விண்டோவின் கீழ்ப்பட்டையில் லெங்த், லைன்ஸ் என்று இரண்டு எண்கள் தெரியும். லெங்த் என்பது பைலின் அளவு. நேற்று இருந்த அதே அளவு இன்றும் இருந்தால் எழுத்து எங்கும் போகவில்லை. தம்பியின் பைலில் 14-ஆவது வரிக்கு அடுத்து 15 என்ற எண் இருந்தது, எதிரே வெறும் இருட்டு. கர்சரை அந்த வரியில் வைத்து எண்ட் கீயை அழுத்தச் சொன்னேன். கர்சர் பாதித் திரைக்குத் தாவி நின்றது. எழுத்து இருந்தால்தானே தாவும்!

ஏன் மறைகிறது?

டார்க் தீம் என்றால் வெள்ளையைக் கறுப்பாகவும் கறுப்பை வெள்ளையாகவும் புரட்டிப் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தீம் என்பது ஒரு பட்டியல். தலைப்புக்கு இந்த நிறம், எண்ணுக்கு இந்த நிறம், பின்னணிக்கு இந்த நிறம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதி வைத்திருப்பார்கள். புதிய தீமைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தப் பட்டியலில் உள்ளவை மட்டும் மாறும். பட்டியலில் இல்லாதது பழைய நிறத்திலேயே நிற்கும். பின்னணி மட்டும் கறுப்பாகிவிட்டால் பழைய நிறம் அதில் கரைந்துவிடும்.

எந்த நிறம் கரையும், எது கரையாது? இதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். நம் கண் பச்சையை மிகப் பிரகாசமாகவும், சிவப்பைக் குறைவாகவும், நீலத்தை மிகமிகக் குறைவாகவும் உணர்கிறது. கம்ப்யூட்டர் திரையின் வெள்ளையை 1 என்று வைத்துக்கொண்டால் அதில் பச்சையின் பங்கு 0.7152, சிவப்பின் பங்கு 0.2126, நீலத்தின் பங்கு வெறும் 0.0722. இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008-ல் வெளியிட்ட வழிகாட்டியில் இந்த எண்களை வைத்து ஒரு சூத்திரம் கொடுத்திருக்கிறது. இரண்டு நிறங்களில் பிரகாசமானதன் அளவோடு 0.05 கூட்டுங்கள். மங்கலானதன் அளவோடும் 0.05 கூட்டுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். வரும் விடைதான் கான்ட்ராஸ்ட் விகிதம். சாதாரண அளவு எழுத்துக்கு இது குறைந்தது 4.5 இருக்க வேண்டும் என்பது அந்த வழிகாட்டியின் விதி.

நான் வைத்த கருநீலத்தைப் பார்ப்போம். சிவப்பு 0, பச்சை 0, நீலம் 128. இதன் பிரகாசம் 0.0156. வெள்ளைப் பின்னணியில் 1.05-ஐ 0.0656-ஆல் வகுத்தால் 16 வருகிறது. அருமை! அதே கருநீலம் முழுக் கறுப்பில்? 0.0656-ஐ 0.05-ஆல் வகுத்தால் 1.3. எழுத்து இருப்பதே தெரியாது. அடர் சாம்பல் பின்னணி என்றாலும் 2-ஐத் தொடாது. ஒரே நிறம், 16-இலிருந்து 1.3-க்கு விழுந்துவிட்டது.

மற்ற நிறங்களையும் கறுப்பின் மேல் வைத்துப் பார்த்தேன். வெள்ளை 21, இதுதான் உச்சம். மஞ்சள் 19.6. முழுப் பச்சை 15.3. முழுச் சிவப்பு 5.3, ஏதோ தேறுகிறது. முழு நீலம் 2.4, தேறவில்லை. வெள்ளைப் பின்னணியில் கதை தலைகீழ். நீலம் 8.6 எடுக்க, மஞ்சள் 1.1-க்கு இறங்கிவிடுகிறது. ஆகவே டார்க் தீமில் எழுத்து காணவில்லை என்றால் முதல் சந்தேகம் நீலத்தின் மேலும் கருஞ்சிவப்பின் மேலும் இருக்கட்டும்.

தயாராகக் கிடைக்கும் தீம்களில் இந்தத் தொல்லை வராதா? வரும், வேறு விதமாக. 2011-ல் ஈதன் ஸ்கூனோவர் உருவாக்கிய சோலரைஸ்டு என்ற தீம் உலகம் முழுவதும் புரோகிராமர்களிடம் புகழ் பெற்றது. அதன் டார்க் வடிவத்தில் கமென்ட் எனப்படும் குறிப்பு வரிகளின் விகிதம் சுமார் 2.8 மட்டுமே. இது கவனக்குறைவு அல்ல. புரோகிராமருக்குக் குறிப்பு வரி இரண்டாம் பட்சம், அது கண்ணை இழுக்கக் கூடாது என்று வேண்டுமென்றே மங்கலாக்கியிருக்கிறார்கள். நானும் புரோகிராமர் புத்தியோடுதான் பதிலாள் பெயரைக் கமென்ட் வரியாக வைத்தேன். தம்பிக்கோ அந்தப் பைலிலேயே முக்கியமான வரி அதுதான். எது முக்கியம் என்று தீம் எழுதியவர் நினைத்தாரோ, அதுதான் பிரகாசமாகத் தெரியும். உங்களுக்கு வேறு ஒன்று முக்கியம் என்றால் நீங்கள்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

நிறத்தை மாற்றும் முறை

டான் ஹோ என்பவர் 2003-ல் வெளியிட்ட நோட்பேட் பிளஸ் பிளஸ் சாப்ட்வேரில் முழுமையான டார்க் மோட் வந்தது 2021-ல், 8-ஆம் பதிப்பில். உங்களிடம் அதற்கு முந்தைய பதிப்பு இருந்தால் புதியதை இறக்கிக்கொள்ளுங்கள்.

செட்டிங்ஸ் மெனுவில் பிரிபரன்சஸ் கிளிக் செய்து, இடப்பக்கம் டார்க் மோட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். டார்க் மோடை இங்கே இயக்கலாம். மெனு, டயலாக் பாக்ஸ் எல்லாம் இருண்டுவிடும். நீங்கள் டைப் செய்யும் இடத்தின் நிறங்களை மாற்றுவதற்கு வேறு இடம் இருக்கிறது. செட்டிங்ஸ் மெனுவிலேயே ஸ்டைல் கான்பிகரேட்டர் என்பதைக் கிளிக் செய்யுங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பாதிப் பேர் முதல் இடத்திலேயே நின்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஸ்டைல் கான்பிகரேட்டர் விண்டோவின் மேற்புறம் செலக்ட் தீம் என்ற கட்டம் இருக்கும். டார்க்மோட்டீபால்ட், ஜென்பர்ன், ஆப்சிடியன், சோலரைஸ்டு எனப் பல தீம்கள் இதில் உண்டு. ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தால் பின்னால் உங்கள் பைலின் நிறம் உடனே மாறுவதைப் பார்க்கலாம். புதியவர்களுக்கு நான் சொல்வது ஜென்பர்ன். அதன் சாதாரண எழுத்து இலேசான மஞ்சள் கலந்த வெள்ளை, பின்னணி அடர் சாம்பல். விகிதம் சுமார் 7.6, கண் கூசாது.

தீமுக்குக் கீழே இடப்பக்கம் லாங்குவேஜ் என்ற பட்டியல் தெரியும். நடுவில் ஸ்டைல் என்ற பட்டியல். வலப்பக்கம் போர்கிரவுண்ட், பேக்ரவுண்ட் என இரண்டு நிறக் கட்டங்கள். போர்கிரவுண்ட் என்பது எழுத்தின் நிறம், பேக்ரவுண்ட் என்பது எழுத்துக்குப் பின்னால் உள்ள நிறம். உதாரணமாக நீங்கள் எச்டிஎம்எல் பழகுகிறீர்கள், அதில் ஒரு சொல் தெரியவில்லை என்றால், லாங்குவேஜ் பட்டியலில் எச்டிஎம்எல் தேர்ந்தெடுத்து, ஸ்டைல் பட்டியலில் டேக், அட்ரிபியூட், கமென்ட் என ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து வாருங்கள். வலப்பக்க நிறக் கட்டம் அடர் நீலமாகவோ அடர் சிவப்பாகவோ இருந்தால் குற்றவாளி அதுதான்.

அந்த நிறக் கட்டத்தின் மேல் கிளிக் செய்தால் சிறு சிறு நிறச் சதுரங்கள் விரியும். வேண்டிய நிறம் அதில் இல்லை என்றால் மோர் கலர்ஸ் பட்டனை அழுத்துங்கள். ரெட், கிரீன், புளூ என்று மூன்று எண் கட்டங்கள் வரும். அவை தெரியாவிட்டால் டிபைன் கஸ்டம் கலர்ஸ் என்ற பட்டனை அழுத்தினால் வந்துவிடும். 255, 255, 153 என்று கொடுத்துப் பாருங்கள். வெளிர் மஞ்சள். ஜென்பர்னின் சாம்பல் பின்னணியில் இதன் விகிதம் 10. நீலம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் நீலத்தோடு பச்சையையும் தாராளமாகக் கலந்து வானநீலமாக்கிக்கொள்ளலாம். பச்சை கூடினால்தான் பிரகாசம் கூடும் என்பதை மேலே பார்த்தோம்.

மாற்றியது பிடித்திருந்தால் சேவ் அண்ட் குளோஸ் பட்டனை அழுத்துங்கள். பிடிக்கவில்லை என்றால் கேன்சல். பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும், பயப்பட வேண்டாம்.

லாங்குவேஜ் பட்டியலின் முதலில் உள்ள குளோபல் ஸ்டைல்ஸ் என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லா வகைப் பைலுக்கும் பொதுவான நிறங்கள் இதில் இருக்கின்றன. இங்கே மூன்று இடங்களில் சிக்கல் வரும். கர்சர் இருக்கும் வரி மட்டும் படிக்க முடியவில்லை, கீழே இறங்கினால் அடுத்த வரி மறைகிறது என்றால் அது கரன்ட் லைன் பேக்ரவுண்ட் கலர். அந்த நிறத்தை உங்கள் பின்னணியைவிட ஒரு சாயல் மட்டும் வெளுப்பாக வையுங்கள். மவுஸால் செலக்ட் செய்த இடம் தெரியவில்லை என்றால் செலக்டட் டெக்ஸ்ட் கலர். கர்சரே காணவில்லை என்றால் கேரட் கலர். கறுப்புப் பின்னணியில் கறுப்புக் கோடு துடித்துக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும்?

தேடல் முடிவுகள் வரும் கீழ்ப் பகுதியில் எழுத்து தெரியவில்லை என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அதற்கும் லாங்குவேஜ் பட்டியலில் சர்ச் ரிசல்ட் என்று தனி இடம் உண்டு.

குளோபல் ஸ்டைல்ஸில் குளோபல் ஓவர்ரைட் என்று ஒன்றைப் பார்ப்பீர்கள். அதில் ஒரு நிறத்தைக் கொடுத்து, எனேபிள் குளோபல் போர்கிரவுண்ட் கலர் என்பதை டிக் செய்தால் எல்லா எழுத்தும் அந்த ஒரே நிறத்துக்கு மாறிவிடும். அவசரத்துக்கு உதவும். ஆனால் எல்லாம் ஒரே நிறமானால் சாதாரண நோட்பேடுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வேலை முடிந்ததும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

நாமே எழுதிய விதிகள்

தம்பியின் பைலில் மேலே சொன்ன எதுவும் பலிக்கவில்லை. ஜென்பர்ன் போட்டோம், ஆப்சிடியன் போட்டோம். 15-ஆவது வரி எதற்கும் அசையவில்லை. காரணம், அந்த நிறம் எந்தத் தீமிலும் இல்லை. நான் எழுதிய விதி யூசர் டிபைன்டு லாங்குவேஜ் என்ற வசதியில் இருந்தது. அதன் நிறங்கள் தீம் பைலில் சேராமல் தனியாகச் சேமிக்கப்படும். தீமை எத்தனை முறை மாற்றினாலும் அவை மாறாது. நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸோடு வரும் மார்க்டவுன் என்ற விதி, சாதாரணத் திரைக்கு ஒன்று, டார்க் மோடுக்கு ஒன்று என இரண்டாக இருப்பதும் இதனால்தான். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும், தம்பிக்கு டார்க் மோட் சொல்லிக் கொடுத்த இரவு நினைவுக்கு வரவில்லை.

இதைச் சரிசெய்ய லாங்குவேஜ் மெனுவில் யூசர் டிபைன்டு லாங்குவேஜ் சென்று, டிபைன் யுவர் லாங்குவேஜ் என்பதைக் கிளிக் செய்யவும். வரும் விண்டோவில் யூசர் லாங்குவேஜ் என்ற கட்டத்தில் உங்கள் விதியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். கமென்ட் அண்ட் நம்பர் என்ற டேபுக்குச் சென்றால் ஸ்டைலர் என்ற பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் எழுத்தின் நிறம், பின்னணி நிறம் இரண்டையும் மாற்றலாம். இரண்டின் அருகிலும் டிரான்ஸ்பரன்ட் என்ற சிறு கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்தால் அந்த நிறத்தைத் தீமிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

நான் செய்த தவறு இங்கேதான். பின்னணியை டிரான்ஸ்பரன்ட் என்று விட்டுவிட்டு எழுத்தை மட்டும் கருநீலத்தில் நிலையாக வைத்திருந்தேன். பின்னணி தீமோடு ஓடியது, எழுத்து அங்கேயே நின்றது. ஒன்று, இரண்டையும் டிரான்ஸ்பரன்ட் ஆக்குங்கள். அல்லது இரண்டுக்கும் நீங்களே நிறம் கொடுங்கள். ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்கக் கூடாது. தம்பிக்கு இரண்டையும் கொடுத்தோம். வெளிர் மஞ்சள் எழுத்து, அடர் சாம்பல் பின்னணி.

தமிழுக்கு மட்டும் உள்ள சிக்கல்

ஆங்கிலத்துக்கு 4.5 போதும் என்றால் தமிழுக்கும் போதுமா? என் அனுபவத்தில் போதாது. நம் எழுத்தில் ஒரு புள்ளி வந்தால் க என்பது க் ஆகிவிடும். அந்தப் புள்ளி சின்ன எழுத்தில் ஒன்றிரண்டு பிக்சல்தான். நிறம் மங்கினால் முதலில் காணாமல் போவது அதுதான். கறுப்பில் சுத்த வெள்ளை எழுத்து வைத்தால் வேறு விதத் தொல்லை. ஒளி கசிந்து சுழிகள் அடைத்துக்கொண்டதுபோல் தெரியும். பார்வையில் சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு இது அதிகம். அதனால்தான் சுத்தக் கறுப்பு, சுத்த வெள்ளை இரண்டையும் தவிர்த்து, சாம்பலும் இளமஞ்சளுமாகப் போகச் சொல்கிறேன். விகிதம் 7-க்கு மேல் இருக்கட்டும்.

விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ என்ற எழுத்துரு சேர்ந்தே வருகிறது. குளோபல் ஸ்டைல்ஸில் டீபால்ட் ஸ்டைல் தேர்ந்தெடுத்து, பான்ட் நேம் கட்டத்தில் இதைக் கொடுங்கள். அளவை இரண்டு புள்ளி கூட்டிக்கொள்ளுங்கள். தற்காலிகமாகப் பெரிதாக்க, கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினாலே போதும்.

சிவப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவுப் பார்வை கெடாமல் இருக்கச் சிவப்பு விளக்கு நல்லது என்பது உண்மைதான். ஆனால் ஆண்களில் சிலருக்குப் பிறவியிலேயே சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. அவர்களில் ஒரு பகுதியினருக்குச் சிவப்பு எழுத்து கறுப்பில் இன்னும் இருண்டு தெரியும். பலர் பார்க்கும் பட்டியலில் சிவப்பு எழுத்தை நம்பி எதையும் எழுதாதீர்கள்.

பிரின்ட் எடுக்கும்போது

டார்க் தீமில் இருக்கும் பைலைப் பிரின்ட் எடுக்கும்முன் பிரிபரன்சஸில் பிரின்ட் என்ற பகுதியைப் பாருங்கள். கலர் ஆப்ஷன்ஸ் என்பதன் கீழ் பிளாக் ஆன் ஒயிட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் திரையில் உள்ள கறுப்பு அப்படியே காகிதத்தில் இறங்கி, கார்ட்ரிட்ஜ் காலியாகிவிடும்.

சரிசெய்ததைச் சோதிப்பது

பகலில், டியூப் லைட் வெளிச்சத்தில் நிறங்களை மாற்றிவிட்டு நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். இரவில் விளக்கை அணைத்து, திரையின் பிரகாசத்தை நீங்கள் வழக்கமாக வைக்கும் அளவுக்குக் குறைத்து, ஒரு கை தூரத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். வீட்டில் வயதானவர் ஒருவரையும் படிக்கச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்தால் எல்லோருக்கும் தெரியும்.

பழவேற்காட்டில் சித்தப்பாதான் சோதித்தார். கண்ணாடி போடாமல் எல்லா வரியையும் வாசித்தவர், வெளிர் மஞ்சள் வரியில் நின்று, "இது எதுக்குடா வேற கலர்?" என்றார். பதிலாள் என்றான் தம்பி. "அப்ப அத எழுத்துலயே போடு. கலரப் பாத்து நான் என்னத்தக் கண்டேன்?"

இப்போது பட்டியலில் அந்த வரிகள் // என்ற குறிக்குப் பின் 'மாற்று' என்ற சொல்லோடு தொடங்குகின்றன. மஞ்சள் நிறமும் இருக்கிறது. மாதப் பட்டியல் தயாரானதும் தம்பி ஒரு பிரின்ட் எடுத்து வாசல் கதவின் உட்புறம் ஒட்டிவிடுகிறான். அந்தக் காகிதத்தில் மஞ்சள் விழாது, பிளாக் ஆன் ஒயிட்தான். 'மாற்று' என்ற சொல் விழுகிறது.